ஏழு வாரங்களே இருக்கின்றன: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு இலையுதிர் கால வழிகாட்டி

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டு, ஒக்ரோபர் மாதத்து நீண்ட வார இறுதியில், இரண்டு பிள்ளைகளையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் வடக்கே ஓடி ஒரு பெரிய பூங்காவின் வாசலை அடைந்தோம். முன்கூட்டிய அனுமதி இல்லாத வாகனங்களுக்கு அன்று இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் வீதியோரம் நின்ற மேப்பிள் மரங்களில் பாதிக்கு மேல் இலையே இருக்கவில்லை. வண்ணம் பத்து நாட்களுக்கு முன்பே வந்து போய்விட்டது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதே மாதத்தில் மகளின் வகுப்புப் பயணத்தில் உதவியாளராகப் போக முடியாமற்போனது, தோட்டம் ஒன்றில் அப்பிள் பறிக்கப் போய் 140 டொலர் செலவழித்தது என்று இன்னும் சில அனுபவங்கள் உண்டு. இவற்றில் எதுவுமே நடந்திருக்க வேண்டியதில்லை. யாராவது செப்ரெம்பர் முதல் வாரத்தில் எங்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் போதும். அந்த அரை மணி நேரப் பேச்சாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பகுதிகளில் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு குடியேறியிருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒன்டாரியோவின் மற்ற ஊர்களிலும் பெரும்பாலானவை பொருந்தும், நாட்கள் மட்டும் சற்று முன்பின்னாக மாறும்.

1. முதலில் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

இங்கே இலையுதிர் காலம் பெயரளவில் மூன்று மாதம். ஆனால் பிள்ளைகள் வெளியே மகிழ்ச்சியாக விளையாடக்கூடிய காலம் செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் 31 வரையான ஏழு வாரங்கள்தான். அதற்குள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம் இருக்கிறது, தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

செப்ரெம்பர் நடுவிலிருந்து ஒக்ரோபர் நடு வரை ஆறுகளில் சால்மன் மீன்கள் ஏறும். அப்பிள் பறிப்பும் ஏறத்தாழ அதே காலத்தில் உச்சத்தில் இருக்கும். நகரத்துக்கு வடக்கே உள்ள அல்கோன்குவின் மாகாணப் பூங்காவில் சர்க்கரை மேப்பிள் மரங்களின் நிறம் உச்சத்தை அடைவது சராசரியாக செப்ரெம்பர் 27 அளவில். நகரத்துக்குள் அதே நிறம் ஒக்ரோபர் நடுவிலிருந்து மாத இறுதிக்குள்தான் வரும். ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள், பொது விடுமுறை. அந்த வார இறுதியில் எங்கே போனாலும் கூட்டம் இருக்கும் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒக்ரோபர் 31 ஹலோவீன், பூசணியில் முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்து, பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கும் நாள். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். அதன்பிறகு மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

பள்ளியின் ஆண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் வேலை நாளாக இருக்கும் ‘பி.ஏ. நாள்’ பெரும்பாலும் ஒக்ரோபரில் ஒரு வெள்ளிக்கிழமை வரும். உங்களில் ஒருவருக்கு அன்று விடுப்பு எடுக்க முடியுமானால், அப்பிள் தோட்டத்துக்கும் பூங்காவுக்கும் போக அதைவிட நல்ல நாள் கிடையாது. சில தோட்டங்களில் வாரநாள் நுழைவுக் கட்டணம் வார இறுதியைவிடக் குறைவு.

2. ஆவணங்களை செப்ரெம்பர் முதல் வாரத்திலேயே ஒழுங்குபடுத்துங்கள்

விளையாட்டுக்கு என்ன ஆவணம் என்று நானும் நினைத்தேன். எங்களுக்கு ஏற்பட்ட சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்கின.

முதலாவது, நூலக அட்டை. ரொறன்ரோவில் வசிப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் அது இலவசம். உங்கள் பெயரையும் முகவரியையும் காட்டும் ஆவணங்களோடு அருகிலுள்ள கிளைக்குப் போனால் அன்றே கிடைக்கும், பிள்ளைகளுக்கும் தனி அட்டை எடுக்கலாம். அதைக்கொண்டு அருங்காட்சியகங்கள் போன்ற இடங்களுக்கான இலவசக் குடும்ப அனுமதிச் சீட்டுகளைப் பெற முடியும். ஒன்டாரியோவின் பல நூலகங்கள் மாகாணப் பூங்காக்களுக்கான ஒருநாள் வாகன அனுமதியையும் புத்தகம்போல் இரவல் தருகின்றன. இலையுதிர் காலத்தில் இவற்றுக்குக் காத்திருப்போர் வரிசை நீளம். ஆகவே அட்டை கிடைத்ததுமே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

இரண்டாவது, ‘கனூ’ என்ற இலவசச் செயலி. புதிதாக நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் உரியது. பல பூங்காக்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கட்டணமின்றிப் போக அது உதவும். வதிவிட உரிமைச் சான்றைப் பதிவேற்ற வேண்டும், சரிபார்ப்பு முடிய நாட்கள் ஆகலாம், எனவே பயணத்துக்கு முதல் நாள் இரவு தொடங்காதீர்கள். அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களும் மாணவர் விசாவில் இருப்பவர்களும் நூலக வழியையே நம்புவது நல்லது.

மூன்றாவது, பள்ளிப் படிவங்கள். வகுப்புப் பயணங்களுக்குப் பெற்றோரின் கையொப்பமிட்ட சம்மதப் படிவம் இல்லாமல் பிள்ளையை அழைத்துப் போகமாட்டார்கள். பிள்ளையின் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் தாள்களை ஒவ்வொரு மாலையும் எடுத்துப் பாருங்கள். நீங்களும் உதவியாளராகப் போக விரும்பினால் பல பள்ளிகள் காவல்துறைச் சான்றிதழ் கேட்கும். அது வர வாரக்கணக்கில் ஆகும். நான் பயணத்துக்குப் பத்து நாட்கள் இருக்கையில் விண்ணப்பித்தேன். சான்றிதழ் வந்தபோது பயணம் முடிந்திருந்தது. செப்ரெம்பரில் பள்ளி தொடங்கியதும் அலுவலகத்தில் போய், என்ன வகைச் சான்றிதழ் வேண்டும், தன்னார்வலர்களுக்குக் கட்டணம் குறைப்பதற்குப் பள்ளி கடிதம் தருமா என்று நேரே கேளுங்கள்.

நான்காவது, சொந்தக் கார் இல்லாதவர்கள் கவனிக்க வேண்டியது. நண்பர் ஒருவர் ‘வாருங்கள், எங்கள் வாகனத்தில் இடம் இருக்கிறது’ என்பார். ஆனால் பிள்ளைக்கு உரிய இருக்கை இல்லாமல் ஏற்ற முடியாது, மடியில் வைத்துக்கொண்டு போவது சட்டப்படி குற்றம். ஒன்டாரியோவில் 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தை பின்நோக்கிய இருக்கையிலும், 9 முதல் 18 கிலோ வரை முன்நோக்கிய இருக்கையிலும், அதற்கு மேல் உயர்த்தி (‘பூஸ்ரர்’) இருக்கையிலும் அமர வேண்டும். எட்டு வயது, 36 கிலோ, 145 சென்ரிமீற்றர் உயரம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டும் வரை உயர்த்தி இருக்கை தேவை. பழைய இருக்கையை யாராவது தந்தால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் காலாவதித் திகதியைப் பாருங்கள்.

பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. ரொறன்ரோ நகரப் போக்குவரத்தான ரி.ரி.சி.யிலும் சுற்றுப்புற ஊர்களை இணைக்கும் கோ ரயிலிலும் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் வார இறுதியில் கோ ரயிலில் நாள் முழுவதும் பயணிப்பதற்கான சலுகைச் சீட்டை இணையத்தில் வாங்கலாம், நாங்கள் பயன்படுத்தியபோது ஒருவருக்கு 10 டொலர்.

3. உடுப்பு

ஒரே தடித்த ஜக்கெற் போதாது. காலையில் 4 பாகை, மதியம் 17 பாகை என்று ஒரே நாளில் மாறும். உள்ளே மெல்லிய நீள்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெற்றர், மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்காகப் போட்டால் கழற்றிக் கழற்றிச் சமாளிக்கலாம். மழைக்காலணி கட்டாயம், அப்பிள் தோட்டத்திலும் ஆற்றோரத்திலும் சப்பாத்து நனைந்த பிள்ளை அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகக் கேட்கும். இவை எல்லாவற்றையும் இரண்டாம் கைக் கடைகளில் வாங்குங்கள். பிள்ளைகள் வளரும் வேகத்துக்குப் புதிது வாங்கிக் கட்டாது.

4. வீட்டு வாசலில் தொடங்குங்கள்: இலை, விதை, கொட்டை

எங்கள் பிள்ளைகள் இன்றுவரை நினைவில் வைத்துப் பேசுபவை கட்டணம் கட்டிப் போன இடங்கள் அல்ல. வீட்டுக்கு முன்னால் கிடந்த இலைகளைத்தான் பேசுகிறார்கள். ஆகவே பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

இலைக்குவியல்: ஒரு இலைவாரியும், வன்பொருள் கடைகளில் கிடைக்கும் பெரிய தாள் பைகளும் வாங்குங்கள். முற்றத்து இலைகளை வாரி பிள்ளையின் இடுப்பளவு குவித்தபின், நீங்கள் முதலில் கையால் கிளறிப் பாருங்கள். கிளை, கல், கண்ணாடித்துண்டு, நாய்க்கழிவு எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. வீதியோரம் குவிக்காதீர்கள், இலைக்குள் ஒளிந்திருக்கும் பிள்ளை கார் ஓட்டுபவருக்குத் தெரியாது. விளையாடி முடிந்ததும் இலைகளைத் தாள் பையில் அடைத்து, உங்கள் பகுதிக்குரிய நாளில் வாசலில் வையுங்கள். ரொறன்ரோவில் பிளாஸ்ரிக் பையில் வைத்தால் எடுக்கமாட்டார்கள். நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ‘இலைகளை நாங்களே வாரித் தருகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

கிளித்தட்டு: எங்கள் வீட்டில் தற்செயலாகக் கண்டுபிடித்தது இது. புல்வெளியில் சுண்ணாம்புக் கோடு போட முடியாது, ஆனால் இலைகளை ஒரு சாண் அகலத்துக்கு நீளமாக வாரி விட்டால் மஞ்சள் கோடு ஒன்று தானாக உருவாகிவிடும். குறுக்கே நான்கு கோடு, நடுவே நெடுக்காக ஒன்று. கோட்டின்மேல் நின்று மறிப்பவர் நடக்கும்போதெல்லாம் இலை சரசரக்கும், ஓடுகிறவருக்கு முதுகுப்பக்கம் ஆள் வருவது காதில் கேட்கும். ஊரில் விளையாடியதைவிட இது ஒருபடி சுவை கூடியது என்றுதான் சொல்வேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

கொக்கான்: ஓக் மரத்தடியில் தொப்பி போட்ட சிறு கொட்டைகள் கொட்டிக் கிடக்கும். ஒரே அளவாக ஐந்தைப் பொறுக்கித் தொப்பியைக் கழற்றினால் கொக்கான் வெட்டலாம். கழற்றிய தொப்பியையும் எறியாதீர்கள். இரண்டு பெருவிரல்களையும் அதன் வாயின்மேல் சேர்த்து, மேற்பக்கம் ஒரு சிறு முக்கோண இடைவெளி தெரியும்படி மடக்கி, விரல் மொளியில் கீழுதட்டை வைத்து ஊதினால் கூர்மையான விசில் ஒலி வரும். முதல் இருபது முறை காற்றுத்தான் வரும். பிறகு ஒருமுறை வந்துவிட்டால் அன்று வீடு அமைதியாக இராது.

மேப்பிள் விதை: சிறகுள்ள இந்த விதைகளை மாடிப்படியின் உச்சியிலிருந்து ஒரே நேரத்தில் விட்டால் சுழன்று சுழன்று இறங்கும். யாருடையது கடைசியாகத் தரையைத் தொடுகிறதோ அவருக்கு வெற்றி. மழை நாளுக்கு உகந்த விளையாட்டு.

இலைப்படி: இலையை நரம்பு மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்து, மேலே மெல்லிய வெள்ளைத்தாளை விரியுங்கள். மெழுகு வண்ணக்குச்சியின் தாளை உரித்துவிட்டு, அதைப் படுக்கவைத்து ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தால் நடுநரம்பு முதலில் தெரியும், பிறகு கிளைநரம்புகள், கடைசியாக ஓரத்துப் பற்கள் எழுந்து வரும். எங்கள் இளையவன் அதைப் பார்த்து ‘இலைக்குள்ளே ஒரு மரம் இருக்கிறது’ என்றான். பழைய செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி இரண்டு வாரம் விட்டால், இலையின் நிறம் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

இனி எச்சரிக்கைகள். முதலாவது, நச்சுப் படர்கொடி. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், நடுவிலைக்கு மட்டும் சற்று நீண்ட காம்பு. இலையுதிர் காலத்தில் இது மிக அழகான சிவப்பாக மாறுவதால் பிள்ளைகளின் கை முதலில் அதற்குத்தான் போகும். தொட்டால் தோல் கொப்பளித்து வாரக்கணக்கில் அரிக்கும். ‘மூன்றாக இருந்தால் தொடாதே’ என்று சொல்லிப் பழக்குங்கள். இரண்டாவது, முள் ஓட்டுக்குள் பளபளவென்று கபில நிறத்தில் இருக்கும் குதிரைச் செஸ்நட் கொட்டை. கடையில் விற்கும் உண்ணக்கூடிய செஸ்நட் போலவே இருக்கும், ஆனால் நஞ்சு. பொறுக்கிய எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பதை வீட்டு விதியாக்கிவிடுங்கள். மூன்றாவது, றூஜ் தேசிய நகரப் பூங்கா போன்ற தேசியப் பூங்காக்களில் இலை, கொட்டை, கல் எதையும் எடுத்துவரக் கூடாது. அங்கே படம் எடுக்கலாம், எண்ணலாம், தேடிக் கண்டுபிடித்துப் பட்டியலில் குறிக்கலாம். சேகரிப்பதை வீட்டு முற்றத்தோடும் நடைபாதையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. அப்பிள் பறிப்பு: செலவு கையை மீறாதபடி

மில்ரன், கலிடன், போமன்வில் ஆகிய ஊர்களைச் சுற்றி, நீங்களே பறித்துக்கொள்ளும் தோட்டங்கள் பல இருக்கின்றன. எங்கள் முதல் பயணத்தின் 140 டொலர் எப்படிப் போனது என்று பின்னர் கணக்குப் பார்த்தோம். நால்வருக்கு நுழைவுச்சீட்டு, இரண்டு பை, உழவு இயந்திர வண்டிச் சவாரி, சோளக்காட்டுப் புதிர்வழி, சூடான அப்பிள் பானம், டோனற். அப்பிளுக்கென்று கொடுத்தது அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. இப்போது 50 டொலருக்குள் முடித்துக்கொள்கிறோம். அதற்கான வழிமுறை இதுதான்.

தோட்டத்தின் இணையத்தளத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். நுழைவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, அல்லது பை வாங்கினால் போதுமா? எத்தனை வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம்? நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டுமா? பல தோட்டங்கள் வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் விடுவதில்லை, மழை பெய்தாலும் பணத்தைத் திருப்பித் தருவதுமில்லை. விளையாட்டுத் திடல், வண்டிச் சவாரி எல்லாம் சேர்ந்த பெரிய இடங்களில் நுழைவே விலை கூடியது. மரமும் தராசும் மட்டுமுள்ள சிறு தோட்டங்களைத் தேடுங்கள், பிள்ளைகளுக்கு அந்த மரங்களே விளையாட்டுத் திடல்.

பையின் அளவைக் கேட்டு வாங்குங்கள். ‘பெக்’ எனப்படுவது ஏறத்தாழ 10 இறாத்தல், அதாவது நாலரைக் கிலோ; அரைப் ‘புஷல்’ அதன் இரண்டு மடங்கு. நால்வர் உள்ள வீட்டுக்கு ஒரு பெக் போதும். ஆர்வத்தில் இரண்டு பை நிரப்பி மூன்று வாரம் தின்று தீர்க்க முடியாமல் தவித்தவர்கள் நாங்கள்.

போகும் அன்று காலையில் எந்த வகை பறிப்புக்குத் தயாராக இருக்கிறது என்று பாருங்கள். செப்ரெம்பர் நடுவில் மக்கின்ரோஷ், காலா, அதையொட்டி ஹனிகிறிஸ்ப், மாத இறுதியிலும் ஒக்ரோபர் தொடக்கத்திலும் எம்பயர், ஒக்ரோபர் நடுவில் நோதேர்ன் ஸ்பை. ஹனிகிறிஸ்ப்தான் முதலில் தீர்ந்துபோகும், விலையும் கூட. மக்கின்ரோஷ் மென்மையானது, விரைவில் மாவாகிவிடும், ஆகவே அதை முதலில் தின்னுங்கள். புளிப்பும் உறுதியும் உள்ள நோதேர்ன் ஸ்பை எங்கள் அம்மம்மாவின் கையில் மாங்காய் ஊறுகாய்க்கு ஈடாக மாறியது. கடுகும் மிளகாய்த்தூளும் பெருங்காயமும் போதும்.

பறிக்கும் முறையைப் பிள்ளைகளுக்கு முதல் மரத்திலேயே காட்டிக் கொடுங்கள். பழத்தை உள்ளங்கையில் தாங்கி, மேல்நோக்கிச் சற்றே தூக்கித் திருப்பினால் காம்போடு கழன்று கையில் விழும். கீழ்நோக்கி இழுத்தால் கிளை துள்ளி, பக்கத்தில் தொங்கும் நாலு பழங்களும் நிலத்தில் விழும், அடுத்த ஆண்டுக்கான மொட்டும் முறியும். பைக்குள் எறியாமல் மெதுவாக வைக்க வேண்டும், அடிபட்ட பழம் பக்கத்துப் பழங்களையும் கெடுக்கும். மரத்தில் ஏறக்கூடாது. பறித்தபடியே தின்பதற்கு எல்லாத் தோட்டங்களும் அனுமதிப்பதில்லை, வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் வெளிச்சாப்பாடும் கொண்டுபோகக் கூடாது, அப்படியானால் புளிச்சாதத்தைக் காரிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மரக்கறிகளிலிருந்து விலக்கி வையுங்கள். அப்பிள் வெளிவிடும் வாயு கீரையையும் கரற்றையும் விரைவில் பழுதாக்கும்.

6. சால்மன் ஏறும் ஆறு

இதற்கு ஒரு சதமும் வேண்டாம், நகரத்துக்குள் பேருந்திலேயே போகலாம், ஆனாலும் புதிதாக வந்தவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. ஒன்டாரியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன்கள் முட்டையிடுவதற்காக ஆறுகளில் எதிர்நீச்சலடித்து ஏறும். ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பூங்காவின் ஊடாக ஓடும் ஹைலன்ட் கிறீக், மேற்கே ஓல்ட் மில் அருகே ஹம்பர் ஆறு, நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றரில் போர்ட் ஹோப் ஊரில் கனரஸ்கா ஆறு ஆகியவை பார்க்க நல்ல இடங்கள்.

நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, காலையில் போங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் மீன் ஏறாது, மழைநீர் கலங்கி ஓடும்போது மீன் கண்ணுக்குத் தெரியாது. பாறைத் தடுப்பு உள்ள இடத்தில் அசையாமல் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். முதலில் தண்ணீருக்குள் கருநிழல் ஒன்று மிதப்பதாகத்தான் தோன்றும். பிறகு பிள்ளையின் கை நீளமுள்ள மீன் ஒன்று உடலைச் சுழற்றித் தண்ணீரைப் பிளந்து மேலே பாயும், பாதி வழியில் அடிபட்டு விழும், சற்று ஓய்ந்து மறுபடியும் பாயும். எத்தனையாவது முயற்சியில் ஏறுகிறது என்று எண்ணுவதே பிள்ளைகளுக்கு விளையாட்டு.

ஆற்றில் இறங்கக்கூடாது, கல் எறியக்கூடாது, மீனைத் தொடவோ பிடிக்கவோ கூடாது. முட்டையிட்டபின் சினூக் சால்மன்கள் இறந்துவிடும். கரையில் செத்த மீன்களைக் காணும்போது சின்னப் பிள்ளைகள் கலங்கக்கூடும், போகும் வழியிலேயே அதைச் சொல்லி வையுங்கள்.

7. வடக்கே வண்ணம் பார்க்கப் போவதானால்

ஒன்டாரியோ பூங்காக்கள் அமைப்பு செப்ரெம்பர் மாதத்திலிருந்து ஒவ்வொரு பூங்காவிலும் நிறம் எத்தனை விழுக்காடு மாறியிருக்கிறது, இலை எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்று இணையத்தில் அறிக்கை இடுகிறது. அதைப் பார்த்து நாளைத் தீர்மானியுங்கள். அல்கோன்குவினுக்கு நன்றி நவிலல் வார இறுதி பெரும்பாலும் தாமதம். அப்போது சிவப்பு மேப்பிள் இலைகள் போயிருக்கும், பொப்ளர், பேர்ச் மரங்களின் மஞ்சள்தான் மிஞ்சும். செப்ரெம்பர் கடைசி வாரத்து நாளொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஒருநாள் வாகன அனுமதியைப் போகும் நாளுக்கு ஐந்து நாட்களுக்கு முன்பிருந்து இணையத்தில் பதியலாம். காலை ஏழு மணிக்குத் திறக்கும், வார இறுதி நாட்கள் விரைவிலேயே தீர்ந்துவிடும். கட்டணம் ஆட்களுக்கல்ல, வாகனத்துக்கு. நாங்கள் போனபோது ஏறத்தாழ 20 டொலர் ஆனது, ஆகவே ஐந்து பேர் போனாலும் அதேதான். வாகன இலக்கத்தைச் சரியாக எழுதுங்கள், நண்பரின் வாகனத்தில் போவதாக இருந்தால் யாருடைய வாகனம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வழியிலுள்ள ஹன்ற்ஸ்வில் ஊரில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் கைத்தொலைபேசிச் சமிக்ஞை பல இடங்களில் கிடையாது என்பதால் அனுமதிச் சீட்டையும் வரைபடத்தையும் முன்பே தரவிறக்குங்கள். சிறு பிள்ளைகளுக்கு 60ஆம் நெடுஞ்சாலையோரம் உள்ள ஸ்புறூஸ் பொக் பலகைப் பாதை பொருத்தமானது. ஒன்றரைக் கிலோமீற்றர்தான், பார்வையாளர் நிலையமும் பக்கத்தில் இருக்கிறது.

அனுமதி கிடைக்காவிட்டால் வருந்தாதீர்கள். ஒக்ரோபர் மூன்றாவது வாரத்தில் றூஜ் பூங்காவுக்குப் போங்கள். நுழைவு இலவசம், ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்திலேயே இருக்கிறது.

8. பூசணியும் ஹலோவீனும்

பூசணியைத் தோட்டத்தில் வாங்குவதைவிடப் பல்பொருள் அங்காடியின் வாசலில் குவித்து வைத்திருப்பதில் வாங்குங்கள், பாதி விலைக்குக் கிடைக்கும். செதுக்கும் பெரிய பூசணி நீர்த்துச் சக்கையாக இருக்கும், கறிக்கு உதவாது. சமைக்க வேண்டுமானால் சிறிய இனிப்புப் பூசணியைத் தனியாக வாங்குங்கள். ஹலோவீனுக்கு மூன்று நாட்களுக்கு முன் செதுக்கினால் போதும், முந்திச் செதுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், அணிலும் தின்னும். மூடியை வெட்டும்போது கத்தியைச் சாய்த்துப் பிடியுங்கள், நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். படம் வரைவதும் கரண்டியால் உள்ளே சுரண்டுவதும் பிள்ளைகளின் வேலை. கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். விதையைக் கழுவித் துடைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் சிறிது எண்ணெயும் பிரட்டி, 150 பாகை செல்சியஸ் அடுப்பில் இடையில் ஒருமுறை கிளறி அரை மணி நேரம் வறுத்தெடுங்கள்.

ஒக்ரோபர் 31 அன்று சூரியன் மறைவது மாலை 6.10 அளவில். சிறு பிள்ளைகள் ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிக்கட்டும். வாசல் விளக்கு எரியும் வீட்டுக்கு மட்டும் போக வேண்டும், விளக்கு அணைந்திருந்தால் அங்கே தருவதில்லை என்று பொருள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால், எந்த வீடுகள் இனிப்புத் தருகின்றன என்ற பட்டியல் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். வேட உடுப்பை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஸ்வெற்றர் போட வேண்டியிருக்கும். கண்ணை மறைக்கும் முகமூடிக்குப் பதில் முகச்சாயம் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் கொட்டி நீங்களே பிரித்துப் பாருங்கள். உறை கிழிந்தவற்றை எறியுங்கள். சைவ உணவுக்காரர்கள் பழச்சுவை மெல்மிட்டாய், மார்ஷ்மெல்லோ ஆகியவற்றின் உறையில் ஜெலற்றின் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும், அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்புகளிலிருந்து எடுக்கப்படுவது. கச்சான் கலந்தவற்றைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பாதீர்கள், ஒவ்வாமை உள்ள இன்னொரு பிள்ளைக்கு அது உயிராபத்து.

9. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும்: உண்ணிப் பரிசோதனை

இதைத் தனித் தலைப்பாக வைப்பதற்குக் காரணம், நாங்கள் முதலிரண்டு ஆண்டுகள் இதைச் செய்யவே இல்லை. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி கோடையில் மட்டும் இருப்பதில்லை, வெப்பநிலை 4 பாகைக்கு மேல் உள்ள நாட்களில் எல்லாம் அது இயங்கும். றூஜ் பள்ளத்தாக்குப் பகுதியும் அது காணப்படும் இடங்களில் ஒன்று. காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகி விடுங்கள், பாதையை விட்டு உயர்ந்த புல்லுக்குள் இறங்க விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்க வார்க்கும்போது முழங்கால் பின்புறம், அக்குள், தொப்புள், காதின் பின்புறம், தலைமயிர்ப் பகுதி ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரிய சாவணத்தால் தோலுக்கு மிக அருகில் பிடித்து, நசுக்காமல் திருகாமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். எடுத்த உண்ணியைச் சிறு போத்தலில் போட்டுக்கொண்டு தாமதிக்காமல் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ போங்கள். நோய் வராமல் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால், உண்ணியை அகற்றிய 72 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும். ஐயம் இருந்தால் 811 இலக்கத்தை அழைத்தால் எந்த நேரமும் தாதியோடு பேசலாம், கட்டணம் இல்லை.

10. நவம்பர் முதல் வாரம்

வேட உடுப்புகளின் விலை நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கும், அடுத்த ஆண்டுக்கு ஒரு அளவு பெரிதாக அன்றே வாங்கி வையுங்கள். செதுக்கிய பூசணிகளை ஒக்ரோபர் 31க்கு மறுநாள் மாலை பூங்காக்களில் வரிசையாக அடுக்கி விளக்கேற்றும் வழக்கம் ரொறன்ரோவில் பல இடங்களில் உண்டு. சொறோரன் பூங்காவில் நடப்பது புகழ்பெற்றது. உங்கள் பூசணியையும் கொண்டுபோய் வையுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை, முடிந்தபின் பூசணியை வீட்டுக்குத் தூக்கிவர வேண்டிய வேலையும் இல்லை.